புதிய ஒன்பதாம் எண்: ஸ்க்ரம்-ஹாஃபின் ஆட்டத்தை எடைபோடப் பழகுவது எப்படி?

காட்பாடி காந்தி நகரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் சனிக்கிழமைகளில் ரக்பி பார்க்க நாலைந்து பேர் கூடுவோம். 2025 ஜூனில் மும்பையில் நடந்த முதல் ரக்பி பிரீமியர் லீக்கில் சென்னை புல்ஸ் கோப்பையை வென்ற பிறகு கூட்டம் கொஞ்சம் பெருகியிருக்கிறது. அது அணிக்கு ஏழு பேர் ஆடும் வகை. அதைப் பார்த்துவிட்டு, பதினைந்து பேர் ஆடும் சர்வதேச ஆட்டத்துக்கு வரும் தம்பிகள் எல்லாரும் ஒரே கேள்வியில் வந்து நிற்கிறார்கள். "அண்ணா, அந்த ஒன்பதாம் நம்பர் புதுசுன்னு சொல்றாங்க. நல்லா ஆடுறாரா இல்லையான்னு எதை வெச்சுச் சொல்றது?"

நல்ல கேள்வி. எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் அழுத்தி ட்ரை போடுகிறவர் கண்ணில் படுவார், ஓடிவருபவரைப் பிடித்து வீழ்த்திப் பெரிய டேக்கிள் போடுகிறவரும் படுவார். ஒன்பதாம் எண்காரரான ஸ்க்ரம்-ஹாஃப் ஓர் ஆட்டத்தில் நூறு முறைக்குப் பக்கமாகக் கூடப் பந்தைத் தொடுவார், ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு வினாடிதான். அந்த ஒரு வினாடிகளைக் கூட்டிப் பார்க்கப் பழகினால்தான் அவருடைய ஆட்டம் பிடிபடும். 2023 உலகக் கோப்பையோடு நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித்தும் இங்கிலாந்தின் பென் யங்ஸும் விலகிவிட்டார்கள். 2025-இல் அயர்லாந்தின் கானர் மரேவும் விடைபெற்றார். மூவரும் ஆளுக்கு 120 சர்வதேச ஆட்டங்களைத் தாண்டியவர்கள். 2027-இல் ஆஸ்திரேலியாவில் 24 அணிகளோடு உலகக் கோப்பை வருகிறது. அதனால் புதிய ஒன்பதாம் எண்களை எடைபோடும் வேலை நமக்கு இன்னும் கொஞ்ச காலம் இருக்கிறது.

நான் கல்லூரி நாளில் வாலிபாலில் செட்டராக ஆடியவன். எங்களுக்குச் சொல்லிக் கொடுத்த சார் ஒரு வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "செட்டரைத் திட்டறதுக்கு முன்னாடி ரிசீவைப் பாருடா." எதிரணி போட்ட சர்வீஸை நம் ஆள் ஒழுங்காக எடுத்துக் கொடுத்தால்தான் செட்டர் அடிப்பவருக்கு அழகாகத் தூக்கிக் கொடுக்க முடியும். பந்து கோட்டுக்கு வெளியே போனால் செட்டர் ஓடிப்போய் எப்படியோ உயிர் கொடுத்து எடுப்பார். பார்க்கிறவர்களுக்கு அது மோசமான செட்டாகத் தெரியும். ஸ்க்ரம்-ஹாஃப் விஷயமும் அச்சு அசல் இதேதான். அவருக்கு வந்த பந்து எப்படிப்பட்டது, அந்தப் பந்தை வைத்து அவர் என்ன செய்தார் என்ற இரண்டையும் தனித்தனியாக எழுதிவைக்கப் பழகுங்கள். மற்றதெல்லாம் இதன் கிளைகள்தான்.

பெயர்களை முதலில் முடித்துவிடுவோம்

முதுகில் 9 போட்டவர் ஸ்க்ரம்-ஹாஃப். 10 போட்டவர் ஃப்ளை-ஹாஃப், இவருக்கு அடுத்து நின்று பந்தை வாங்குபவர். 1 முதல் 8 வரை ஃபார்வர்டுகள். ஒருவர் டேக்கிள் ஆகித் தரையில் விழுந்ததும் பந்தின் மேல் இரண்டு பக்கத்து ஆட்களும் தோள் கொடுத்துத் தள்ளிக்கொள்வார்களே, அதுதான் ரக். அதன் பின்புறம் பந்து வெளியே வரும்போது அதை எடுத்து அனுப்புவது ஒன்பதின் வேலை. எட்டு பேருக்கு எட்டு பேர் கட்டிப்பிடித்துத் தள்ளும் ஸ்க்ரம்மில் பந்தை உள்ளே போடுவதும் அவரே. ஆட்டம் நாற்பது நாற்பதாக எண்பது நிமிடம். தொடங்க இவ்வளவு போதும்.

ஆட்டத்துக்கு முன்னால் பத்து நிமிடம்

அணிப் பட்டியல் ஓரிரு நாள் முன்பே வந்துவிடும். அதில் நான்கு விஷயங்களைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

அவர் தொடக்கத்திலிருந்தே ஆடுகிறாரா, மாற்று ஆட்டக்காரராக வருகிறாரா என்பது முதலாவது. புதியவர்கள் பெரும்பாலும் பெஞ்சிலிருந்துதான் அறிமுகமாவார்கள். ஐம்பது, அறுபதாவது நிமிடத்துக்கு மேல் எதிரணித் தற்காப்பு களைத்திருக்கும். இடைவெளிகள் திறக்கும். அப்போது புதுக் காலோடு இறங்குகிற யாரும் மின்னல் மாதிரித்தான் தெரிவார். அதை வைத்து "இவரையே முதலில் இறக்க வேண்டும்" என்று சொல்லிவிடுவது நாம் எல்லோரும் செய்யும் தவறு. கடைசி இருபது நிமிட ஆட்டத்தை, முன்பு அந்த இருபது நிமிடத்தில் ஆடியவரோடுதான் ஒப்பிட வேண்டும்.

இரண்டாவது, பத்தாம் எண் யார்? இருவரும் ஒரே கிளப்பில் ஆடுகிறவர்களா? பிரான்சின் அந்துவான் தூபோனும் ரோமேன் நதாமக்கும் துலூஸ் கிளப்பில் சேர்ந்து ஆடுகிறவர்கள். இங்கிலாந்தின் அலெக்ஸ் மிட்செலுக்கும் ஃபின் ஸ்மித்துக்கும் நார்தாம்ப்டன் கிளப். இப்படிப்பட்ட ஜோடிக்குக் கண்ணாலேயே பேசிக்கொள்ள முடியும். முன்பின் சேர்ந்து ஆடாத பத்தாம் எண்ணோடு இறங்கும் புதியவருக்கு முதல் இரண்டு ஆட்டங்களில் சில பாஸ்கள் ஆளில்லாத இடத்துக்குப் போகும். அதைக் குறித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுப் பழியையும் அவர் தலையில் ஏற்றாதீர்கள்.

மூன்றாவது வானிலை. பிப்ரவரி மாத டப்ளினும் எடின்பரோவும் மழையும் காற்றுமாக இருக்கும். வேலூர் வெயிலில் உட்கார்ந்துகொண்டு ஈரப் பந்தின் சிரமத்தைக் கற்பனை செய்வது கஷ்டம்தான். பந்து நனைந்தால் நீளப் பாஸ் குறையும், உதை கூடும். அது ஆட்டக்காரரின் குணமா, அந்த நாளின் குணமா என்று பிரித்துப் பார்க்க இந்தக் குறிப்பு உதவும்.

நான்காவது, "புதியவர்" என்றால் என்ன அர்த்தம் என்று தெரிந்துகொள்ளுங்கள். புதியவர் என்றாலே இளைஞர் என்று நினைக்க வேண்டாம். நியூசிலாந்தில் பிறந்த ஜேமிசன் கிப்சன்-பார்க் அயர்லாந்துக்காக முதல் ஆட்டம் ஆடியது 2020-இல், 28 வயதில். அதற்குள் பல வருடக் கிளப் அனுபவம் அவர் கையில் இருந்தது. இருபது வயதுப் பையனையும் அவரையும் ஒரே படியால் அளக்க முடியாது.

நேரமும் நமக்குத் தோதாகத்தான் இருக்கிறது. ஐரோப்பாவின் ஆறு நாடுகள் தொடரில் சனிக்கிழமை ஆட்டங்கள் பெரும்பாலும் நம் இரவு 7.45, 10.15 என்று வரும். தென்னாப்பிரிக்காவில் நடப்பவை இரவு எட்டரையை ஒட்டி இருக்கும். நியூசிலாந்தில் இரவு ஆட்டம் என்றால் நமக்கு மதியம் பன்னிரண்டரை, சாப்பாட்டு வேளை. எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று கேட்பவர்களுக்கு நான் இங்கிலாந்து–ஸ்காட்லாந்து ஆட்டத்தைச் சொல்வேன். அவர்கள் ஆடுவது கல்கத்தா கோப்பைக்காக. கல்கத்தாவில் இருந்த ரக்பி கிளப் கலைந்தபோது, வங்கியில் மிச்சமிருந்த வெள்ளி ரூபாய்களை உருக்கி 1878-இல் செய்த கோப்பை அது. மூடியின் மேல் யானை நிற்கும், கைப்பிடிகள் நாகப்பாம்பு. நம் நாட்டு ரூபாயில் செய்த கோப்பைக்காக அவர்கள் 1879 முதல் மோதிக்கொள்வதைப் பார்க்க எனக்கு இன்னும் ஆசை தீரவில்லை.

முதல் இருபது நிமிடம்: கையில் ஸ்டாப்வாட்ச்

இனிதான் வேலை. நம் பக்கத்து ஆளுக்கு இதைச் சொல்லிக் கொடுப்பது சுலபம். அணைக்கட்டு, கே.வி.குப்பம், லத்தேரிப் பக்கம் தை மாசியில் மாடு விடும் விழா பார்த்தவர்களுக்கு வினாடியின் அருமை தெரியும். கோட்டிலிருந்து கோட்டுக்கு மாடு எத்தனை வினாடியில் ஓடியது என்பதுதான் அங்கே பேச்சு. அரை வினாடியில் பரிசு கை மாறும். அதே கண்ணை ரக் பக்கம் திருப்ப வேண்டும், அவ்வளவுதான்.

ஒவ்வொரு ரக்கிலும் இரண்டு நேரங்கள் இருக்கின்றன. பந்து வைத்திருந்தவர் தரையில் விழுந்த நொடியிலிருந்து, பந்து பின்பக்கம் வந்து எடுக்கத் தயாராகும் வரை முதல் நேரம். இது ஃபார்வர்டுகளின் நேரம். மூன்று வினாடிக்குள் வந்தால் நல்ல வேகமான பந்து. ஐந்தைத் தாண்டினால் எதிரணி எழுந்து, வரிசை கட்டி, முறைத்துக்கொண்டு நிற்கும். அந்தப் பந்தை எந்த மகான் எடுத்து அனுப்பினாலும் பெரிதாக ஒன்றும் நடக்காது.

பந்து தயாரான நொடியிலிருந்து அது அவர் கையைவிட்டுப் போகும் வரை இரண்டாவது நேரம். இதுதான் ஒன்பதின் நேரம். ஒரு வினாடிக்குள் முடிந்தால் அருமை. இரண்டு வினாடி எடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

இரண்டையும் ஒரே ஆள் அளப்பது ஆரம்பத்தில் கஷ்டம். போனில் ஸ்டாப்வாட்சை ஓடவிட்டு, பந்து தெரிந்ததும் "லேப்" அழுத்துங்கள், பாஸ் போனதும் நிறுத்துங்கள். முதல் இருபது நிமிடத்தில் பத்து ரக் அளந்தால் போதும். கேமரா கிட்டப் போய் முகத்தைக் காட்டும்போது சில ரக்குகள் தவறிப்போகும், விட்டுவிடுங்கள். நோட்டில் "4–1", "2–1", "6–2" என்று ஜோடியாக எழுதிக்கொண்டே போங்கள். இரண்டாவது எண் ஒன்றாகவே இருந்து முதல் எண் ஐந்தும் ஆறுமாக இருந்தால், வர்ணனையில் "ஆட்டத்தில் வேகமே இல்லை" என்று யாராவது ஒன்பதைக் குறை சொல்லும்போது உங்களிடம் பதில் இருக்கும். முதல் எண் இரண்டாகவும் இரண்டாவது எண்ணும் இரண்டாகவும் இருந்தால், ஃபார்வர்டுகள் கொடுத்த பொன்னை அவர் செலவழிக்கவில்லை என்று அர்த்தம்.

இதில் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வேண்டுமென்றே தாமதிக்கும் சமயங்களைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உதைப்பதற்காக அவர் பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டி, ஃபார்வர்டுகளை அரணாக அடுக்கச் சொல்லி நிற்பார். நடுவர் "ஆடுங்கள்" என்று குரல் கொடுத்தபின் ஐந்து வினாடிக்குள் பந்து நகர வேண்டும். அந்த ஐந்தையும் அவர் பயன்படுத்துவது சோம்பல் ஆகாது.

இன்னொன்று, பந்து தயாராக இருந்தும் ஒன்பது அங்கே இல்லை என்றால் "வரவில்லை" என்று எழுதுங்கள். வேறொருவர் குனிந்து எடுத்து அனுப்புவார், அல்லது பந்து சும்மா கிடக்கும். நான் மிக முக்கியமாக நினைக்கும் குறிப்பு இதுதான். நல்ல ஸ்க்ரம்-ஹாஃப் பந்துக்குப் பின்னால் ஓடமாட்டார், பந்து விழப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே ஓடிக்கொண்டிருப்பார். புதியவர்களுக்கு முதலில் பிடிபடாதது இந்த ஓட்டக் கோடுதான். சர்வதேச ஆட்டத்தின் வேகத்தில் அரை வினாடி பிந்தினாலும் வெளியே தெரிந்துவிடும். ஒரு பாதியில் ஒன்றிரண்டு "வரவில்லை" சகஜம். ஐந்தாறு என்றால் அவர் இன்னும் அந்த வேகத்துக்குப் பழகவில்லை. அவரே ஓடித் தாக்கிவிட்டு அடியில் விழுந்து கிடந்தால் மட்டும் கணக்கில் எழுதாதீர்கள்.

பாஸ்: வாங்குகிறவரைப் பாருங்கள்

பாஸ் நன்றாக இருந்ததா என்று தெரிய, கொடுத்தவரைப் பார்ப்பதைவிட வாங்கியவரைப் பார்ப்பது எளிது. அவர் ஓட்டம் குறையாமல், தலையைத் திருப்பாமல், நெஞ்சுக்கு முன்னால் கை நீட்டி வாங்கினாரா? அப்படியானால் டிக். நின்று வாங்கினாரா, குனிந்தாரா, பின்னால் கை கொண்டுபோனாரா? அப்படியானால் கோடு. அந்த ஒரு தடுமாற்றத்துக்குள் எதிரணித் தற்காப்பு இரண்டு மூன்று மீட்டர் முன்னேறிவிடும். பந்து கையில் போய்ச் சேர்ந்ததே என்று நாம் அதை நல்ல பாஸாகக் கணக்கு வைப்போம், புள்ளிவிவரங்களும் அப்படித்தான் வைக்கும். அதனால்தான் கண்ணால் பார்க்கச் சொல்கிறேன்.

அதன் பிறகு ரீப்ளேயில் கொடுத்தவரைப் பாருங்கள். பின்கால் பந்துக்குப் பக்கத்தில் ஊன்றி, முன்கால் வாங்குபவரை நோக்கித் திரும்பியிருக்க வேண்டும். கை தரையிலிருந்தே நேராக வீசிப்போக வேண்டும். பந்தை இடுப்புவரை தூக்கி, பின்னால் இழுத்து, அப்புறம் எறிந்தால் அந்த இழுப்பு எதிரணிக்கு மணி அடித்த மாதிரி. ஓரடி எடுத்து வைத்துவிட்டுப் பாஸ் போடுவதும் அப்படித்தான். ஆரன் ஸ்மித் 2012 முதல் 2023 வரை நியூசிலாந்துக்காக 125 ஆட்டங்கள் ஆடியதற்கு அவருடைய பாஸின் வேகமே பெரிய காரணம். அவருடைய பழைய ஆட்டம் ஏதாவது ஒன்றைக் கிடைத்தால் பத்து நிமிடம் பாருங்கள். "இழுப்பு இல்லாத பாஸ்" என்றால் என்ன என்று வேறு விளக்கம் தேவைப்படாது.

இடது, வலது இரண்டு பக்கமும் தனித்தனியாகக் குறியுங்கள். வலக்கைக்காரருக்குத் தன் இடப்பக்கம் வீசுவது இயல்பாக வரும், வலப்பக்கம் வீசுவது உழைத்துச் சம்பாதிக்க வேண்டியது. சர்வதேச அணிகளின் பயிற்சியாளர்கள் ஒரு வாரத்தில் அந்தப் பலவீனமான பக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள். அடுத்த சனிக்கிழமையே எதிரணி அந்தப் பக்கம் வேகமாக ஏறி வரும். எனவே முதல் ஆட்டத்தில் பளபளவென்று ஆடியவர் மூன்றாவது ஆட்டத்தில் மங்கினால், அவர் பக்கம் ஏதாவது மாறியதா, எதிரணி படித்துவிட்டதா என்று உங்கள் நோட்டைப் புரட்டிப் பாருங்கள்.

யாருக்குக் கொடுக்கிறார் என்பதும் உண்டு. ஒட்டி நிற்கும் ஃபார்வர்டுக்கே ஏழெட்டு முறை தொடர்ந்து கொடுத்தால் அது அணித் திட்டமாக இருக்கலாம், பயமாகவும் இருக்கலாம். பத்தாம் எண் கையைத் தூக்கிக் கத்திக்கொண்டு காலியாக நிற்கும்போதும் ஃபார்வர்டுக்கே போனால் பயம் என்று எழுதலாம்.

பாக்ஸ் கிக்: வானத்தைப் பார்த்து ஒரு கணக்கு

ரக்குக்குப் பின்னால் நின்று பந்தை உயரமாக, முன்பக்கம் இறங்கும்படி உதைத்து அனுப்புவதுதான் பாக்ஸ் கிக். புதிதாகப் பார்ப்பவர்கள் இதைக் கண்டாலே சலித்துக்கொள்கிறார்கள், "கையில இருந்த பந்தை எதுக்குணா தூக்கிக் குடுக்கிறாரு?" என்று. 2024 இலையுதிர் காலத்திலிருந்து, மேலே போன பந்தைப் பிடிக்க நிற்பவருக்கு முன்னால் அரண் கட்டித் துரத்தி வருபவரை மறிப்பதை நடுவர்கள் கண்டிப்பாகத் தடுக்கிறார்கள். அதனால் துரத்துகிறவர் தடையில்லாமல் வந்து துள்ளிப் போட்டியிட முடிகிறது. பாக்ஸ் கிக்கின் மதிப்பு ஏறிவிட்டது. இன்றைய ஒன்பதாம் எண்ணை இதைப் பார்க்காமல் எடைபோடவே முடியாது.

இங்கேயும் ஸ்டாப்வாட்ச்தான். கால் பட்ட நொடியிலிருந்து யாரோ பிடிக்கும் நொடிவரை அளங்கள். நான்கு வினாடியை ஒட்டி இருந்தால் நல்ல உதை. மூன்றுதான் என்றால், துரத்துகிறவர் வந்து சேருமுன் எதிரணி நிதானமாகப் பிடித்துத் திருப்பி ஓடிவரும்.

தூரத்துக்கு மைதானக் கோடுகளையே அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். 22 மீட்டர் கோட்டை மைதானத்தின் முனைக் கோட்டிலிருந்தும், 10 மீட்டர் கோட்டை நடுக்கோட்டிலிருந்தும் அளப்பார்கள். நூறு மீட்டர் மைதானத்தில் 22 மீட்டர் கோட்டிலிருந்து அடுத்த 10 மீட்டர் கோடு 18 மீட்டர் தள்ளி இருக்கும், நடுக்கோடு 28 மீட்டர். தன் 22-இல் நின்று உதைத்தால் பந்து இந்த இரண்டு கோட்டுக்கு நடுவே இறங்க வேண்டும். நடுக்கோட்டைத் தாண்டினால் பார்க்க அழகாக இருக்கும், துரத்துகிறவரால் எட்ட முடியாது. ஓரக்கோட்டுக்கு உள்ளே ஐந்து பத்து மீட்டருக்குள் இறங்கினால் பிடிப்பவருக்குத் தப்ப ஒரு பக்கம்தான் இருக்கும்.

முடிவை மூன்று விதமாகக் குறியுங்கள்: நம்மவர் பிடித்தார், எதிரணி பிடித்தது ஆனால் உடனே விழுந்தது, எதிரணி பிடித்துச் சுதந்திரமாக ஓடியது. மூன்றாவது வகை அதிகம் என்றால், உடனே தீர்ப்பு எழுதிவிடாமல் துரத்திய ஆளையும் பாருங்கள். நான்கு வினாடி வானத்தில் இருந்த பந்துக்கு அவர் போய்ச் சேரவில்லை என்றால் குற்றம் உதைத்தவருடையது ஆகாது. இதுவும் எங்கள் சார் சொன்ன கதைதான், முன்னும் பின்னும் மாறியிருக்கிறது.

கால் எது என்பதையும் கவனியுங்கள். நியூசிலாந்தின் கேம் ராய்கார்ட் இடது காலால் உதைப்பவர். வலக்கால்காரர்களுக்கே பழகிய எதிரணிக்கு அந்தக் கோணம் புதிது.

ஓடுவதும் ஓடாமல் ஓட வைப்பதும்

ரக்கின் ஓரத்தில் திடீரென்று தானே பந்தோடு புகுந்து ஓடும் ஒன்பதைக் கண்டால் கைதட்டத் தோன்றும். தட்டுங்கள். ஆனால் அவர் ஓடாத ரக்குகளில், ஓரத்தில் நிற்கும் முதல் இரண்டு தற்காப்பு ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். அவர்கள் கால் நகராமல் ஒன்பதையே முறைத்துக்கொண்டு நின்றால் அவர் மேல் பயம் இருக்கிறது, வெளியே பத்தாம் எண்ணை மறிக்க இரண்டு ஆள் குறைவு. அவர்கள் அவரைக் கண்டுகொள்ளாமல் வெளியே நகர்ந்தால், அவர் ஓடமாட்டார் என்று தெரிந்துகொண்டார்கள். ஓர் ஆட்டத்தில் இரண்டு மூன்று முறை ஓடினாலே இந்தப் பயம் வந்துவிடும். பத்து முறை ஓடி எட்டு முறை மாட்டிக்கொள்வது வேறு விஷயம்.

2025 முதல் ரக், மால் (பந்து வைத்திருப்பவரை விழவிடாமல் நின்றபடியே இரண்டு பக்கமும் பிடித்துத் தள்ளுவது), ஸ்க்ரம் ஓரத்தில் பந்தை எடுக்கும் ஒன்பதை எதிரணி கை நீட்டித் தட்டுவதையும் பிடித்து இழுப்பதையும் விதி முன்பைவிட அதிகமாகத் தடுக்கிறது. பழைய ஒளிப்பதிவுகளோடு ஒப்பிடும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். முன்பு ஆடியவர்களுக்கு இந்த நிம்மதி இல்லை.

பந்து இல்லாதபோது

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் தொலைக்காட்சியில் பாதி நேரம் இது தெரியாது. எதிரணி தாக்கும்போது ஒன்பது பெரும்பாலும் தற்காப்பு வரிசைக்குப் பின்னால் இடமும் வலமும் நகர்ந்துகொண்டே, ஆட்களைக் கையால் தள்ளி நிறுத்திக்கொண்டு, தலைக்கு மேல் வரும் குட்டி உதைக்குத் தயாராக இருப்பார். கத்துகிறாரா, கை காட்டுகிறாரா என்று பாருங்கள். தென்னாப்பிரிக்காவின் ஃபாஃப் டி க்ளர்க் மாதிரி வரிசையை விட்டு முன்னேறிப் பாய்ந்து பத்தாம் எண்ணைப் பிடிப்பவர்களும் உண்டு. அது குறி தப்பினால் பின்னால் பெரிய ஓட்டை விழும். அது அணி கொடுத்த வேலையா, அவரே எடுத்த முடிவா என்பது இரண்டு மூன்று ஆட்டம் பார்த்தால் விளங்கும்.

தவறுக்கு அடுத்த ஐந்து நிமிடம்

புதியவர் நிச்சயம் ஒரு தவறு செய்வார். பாஸ் தரையில் உருளும், அல்லது உதை தடுக்கப்படும். நேரத்தைக் குறித்துக்கொண்டு அடுத்த ஐந்து நிமிடம் அவரை மட்டும் பாருங்கள். இரண்டாவது நேரம் ஒன்றிலிருந்து இரண்டாகிறதா? ஓரத்து ஃபார்வர்டுக்கே ஒளிந்துகொள்கிறாரா? இல்லை, அடுத்த ரக்கிலேயே அதே நீளப் பாஸை மறுபடி போடுகிறாரா? நான் அதிகம் மதிப்பது இந்த மறுபடியைத்தான். செட்டராக ஆடியபோது ஒரு செட் சொதப்பினால் அடுத்ததைப் பாதுகாப்பான பக்கம் தூக்கிக் கொடுக்கத்தான் கை போகும். அந்தக் கையை அடக்கி நடுவில் கொடுப்பதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

கடைசிப் பத்து நிமிடமும் இப்படித்தான். முன்னிலையில் இருக்கும் அணியின் ஒன்பது கடிகாரத்தைப் பார்த்து ரக்கை நீட்டுவார், பின்தங்கிய அணியின் ஒன்பது எதிரணி எழுமுன் ஓடுவார். 2023 உலகக் கோப்பை இறுதியை மறுபடி பார்க்கக் கிடைத்தால் பாருங்கள். தென்னாப்பிரிக்கா மாற்று ஆட்டக்காரர்களில் ஒரு ஸ்க்ரம்-ஹாஃபைக் கூட வைக்காமல் இறங்கியது. டி க்ளர்க் எண்பது நிமிடமும் நின்றார். 12–11. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் ஒன்பதாம் எண் எப்படி நேரத்தைக் கையாளுகிறார் என்று அதில் படிக்கலாம்.

எத்தனை ஆட்டம் பார்த்த பிறகு பேசலாம்?

என் கணக்கு ஐந்து. அதில் குறைந்தது இரண்டாவது அவர் தொடக்கத்திலிருந்து ஆடியதாக இருக்க வேண்டும், ஒன்றாவது அவருடைய ஃபார்வர்டுகள் தோற்றுக்கொண்டிருந்த ஆட்டமாக இருக்க வேண்டும். இந்தக் கடைசி நிபந்தனையை நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஃபார்வர்டுகள் ஜெயிக்கும்போது எல்லா ஒன்பதும் நல்ல ஒன்பதுதான். 2025 மார்ச்சில் டப்ளினில் தூபோன் முழங்கால் அடிபட்டு முதல் பாதியிலேயே வெளியேறினார். மாக்ஸிம் லூகு உள்ளே வந்தார். பிரான்ஸ் 42–27 என்று அயர்லாந்தை வென்றது. லூகு நன்றாக ஆடினார், சந்தேகமில்லை. ஆனால் அன்று பிரான்சின் ஃபார்வர்டுகள் கொடுத்த பந்தையும் சேர்த்து எழுதினால்தான் நோட்டில் அந்தப் பக்கம் முழுமையாகும்.

எதிர்த்திசை உதாரணம் அலெக்ஸ் மிட்செல். 2023 உலகக் கோப்பைக்கு இங்கிலாந்து அறிவித்த முதல் பட்டியலில் அவர் பெயரே இல்லை. ஆகஸ்டில் ஜாக் வான் போர்ட்ஃப்லீட்டுக்குக் கணுக்காலில் அடிபட்டதால் அழைக்கப்பட்டார். செப்டம்பரில் அர்ஜென்டினாவுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே தொடக்க ஒன்பது, அரையிறுதியிலும் அவரே. பட்டியல் வந்த நாளில் "இவர் தேறமாட்டார்" என்று நோட்டை மூடியிருந்தால் அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்திருக்கவே மாட்டோம்.

இன்னொரு வேண்டுகோள். புதியவரைத் தூபோனோடு ஒப்பிடாதீர்கள். 2021-இல் உலகின் சிறந்த வீரர் விருது, 2024-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எழுவர் ரக்பித் தங்கம் என்று வேறு உயரத்தில் இருப்பவர் அவர். சத்துவாச்சாரியிலிருந்து கிளம்பி 2014-இலும் 2018-இலும் காமன்வெல்த் தங்கம் தூக்கிய சதீஷ் சிவலிங்கத்தோடு நேற்று ஜிம்மில் சேர்ந்த பையனை யாராவது ஒப்பிடுவார்களா? புதியவரை அவருக்கு முன்னால் அதே அணியில் அதே ஃபார்வர்டுகளுக்குப் பின்னால் ஆடியவரோடு ஒப்பிடுங்கள். அதுவும் முடிந்தால் அதே எதிரணிக்கு எதிராக.

வருகிற சனிக்கிழமைக்கு

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம், ஆட்டத்தை ரசிப்பதே போய்விடும். முதல் வாரம் பத்து ரக், இரண்டு நேரங்கள் மட்டும். இரண்டாம் வாரம் பாஸுக்கு டிக்கும் கோடும். மூன்றாம் வாரம் பாக்ஸ் கிக். இரண்டு மூன்று பேராகப் பார்த்தால் வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். எங்கள் மாடியில் ஒரு தம்பி நேரம் அளப்பான், இன்னொருவன் வாங்குபவரைப் பார்ப்பான், நான் உதையை எழுதுவேன். இடைவேளை டீயின்போது நோட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்ப்போம். போன ஆட்டத்தில் நேரம் அளந்த தம்பி ஒரு புதிய ஒன்பதைப் பற்றி எல்லாரும் குறை சொல்லிக்கொண்டிருந்தபோது நோட்டைத் திருப்பிக் காட்டினான். ஒன்பது ரக் அளந்திருந்தான். அதில் ஏழு ரக்கில் முதல் எண் ஐந்துக்கு மேல். எட்டு ரக்கில் இரண்டாவது எண் ஒன்றுதான். "அவரு என்னணா பண்ணுவாரு?" என்றான். இடைவேளைக்குப் பிறகு நாங்கள் ஃபார்வர்டுகளைப் பார்க்க ஆரம்பித்தோம்.